எங்க அண்ணிக்குப் பண்ணின அதே லேசர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வருவது செருப்புச் சத்தத்தில் தெரியும். விளையாட்டு டீச்சர் இருப்பது விசிலில் தெரியும். மைதானத்தில் எந்த மூலையில் என்ன ரகளை நடந்தாலும் அவள் ஒரு ஊது ஊதினால் போதும், ஓடினவர்கள் ஓடின இடத்தில் நிற்பார்கள், அடிக்க ஓங்கின கை ஓங்கினபடியே நிற்கும். அதனால் அவளுக்குப் பெயரே விசில் டீச்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் பயன்பட்டது.

அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச காலமாக விசில் ஊதுவதில்லை. கை தட்டினாள். பிள்ளைகளும் பதிலுக்குக் கை தட்டிவிட்டு ஓடினார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. அதனாலேயே வெளியே சொல்ல முடியாதது. ஊதினால் கீழே நனைந்தது. வாயால் விடுகிற காற்றுக்குக் கீழே என்ன வேலை என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவது மகள் பிறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுப் போன தொல்லை. ஐம்பதை நெருங்கும் நேரத்தில் பெட்டி படுக்கையோடு வந்து குடியேறிவிட்டது. தும்மலுக்கு வந்தது, சிரிப்புக்கு வந்தது, பந்தைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தால் வந்தது. விசிலுக்கு மட்டும் தவறாமல் வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. கறுப்பு டிராக் பேண்ட்டைத் தவிர வேறெதையும் போடுவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடம் முடியும்வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். ஆசிரியர் அறையில் யாராவது நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வெளியே போனாள், அதனால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். வெயிலில் மைதானத்தின் நடுவே நிற்பதை விட்டு, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த மரத்தடிக்கு நாற்காலியை மாற்றிக்கொண்டாள். ஒரு ராணுவம் எல்லையைக் காப்பது போலக் காத்தாள், பாவம்.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன டீச்சர், மைதானம் சந்தைக்கடையா இருக்கு. உங்க விசில் என்னாச்சு?"

"தொண்டை சரியில்ல மேடம்."

"அப்படியா? வெந்நீர் குடிங்க. நிறைய குடிங்க. நேரம் தவறாம குடிங்க."

விசில் டீச்சர் தலையாட்டினாள். தன் வியாதிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தை எதிரிகூடச் சொல்ல மாட்டான் என்று தோன்றியது.

"விளையாட்டு விழா வரப் போகுது. அதுவரைக்கும் பாப்பேன். தொண்டை சரியாகலைன்னா, மைதானத்தை ஒரு சின்னப் பொண்ணு கையில குடுத்துட்டு உங்கள நூலகத்துல போட்டுடறேன். அங்க சத்தமே போட வேண்டாம். நிம்மதி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த இடம் மைதானம் ஒன்றுதான். வீட்டில் மருமகள், கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பெண்டாட்டி, மைதானத்தில் மட்டும்தான் அவள் அவளாக இருந்தாள். அதை ஒரு சொட்டுத் தண்ணீருக்காக விடுவதா? மாட்டேன் என்று முடிவு கட்டினாள்.

இந்த இடத்தில் அவள் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவரின் தங்கை. மாடி வீட்டில் குடியிருந்தாள். நல்லவள்தான், ஆனால் வாயை மூடத் தெரியாதவள். அவளிடம் ஒரு விஷயம் போனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும், காலையில் தெருவே திரும்பி வந்து நம்மிடம் விசாரிக்கும். விசில் டீச்சருக்கு அவள் மேல் தீராத வருத்தம் வேறு ஒன்று உண்டு. ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட புது சோபாவில் நாத்தனார் இதுவரை உட்கார்ந்ததே கிடையாது. "உக்காரும்மா" என்றால், "பரவால்ல அண்ணி, நிக்கிறேன்" என்பாள். மணிக்கணக்காக நிலைப்படியில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவாள், பின்பக்கம் மட்டும் சோபாவில் படாது. நம்ம வீட்டு சோபா அவளுக்கு மட்டம் என்று விசில் டீச்சர் மனதில் குறித்து வைத்திருந்தாள்.

மகப்பேறு மருத்துவமனைக்குப் போனால் நாத்தனார் மோப்பம் பிடித்துவிடுவாள். ஆகவே அவள் தேடிப் பிடித்தது ஒரு லேசர் கிளினிக். பலகையில் பெரிய எழுத்தில் முகம், முடி, தோல் என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, பக்கத்தில் போனால் மட்டும் தெரிகிற எழுத்தில், பெண்கள் நலம் என்று போட்டிருந்தது. யாராவது பார்த்தாலும் முகத்துக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன்னால் பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு போனவள் அவள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "இருமினா, தும்மினா, சிரிச்சா வருதாம்மா?" என்று கேட்டாள்.

"ஊதினா வருது."

"என்ன ஊதினா?"

"விசில்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே விசில் டீச்சருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. படுக்க வைத்து, இருமச் சொல்லி, பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடியில தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்திருக்கு. லேசர் உள்பக்கம் இதமா சூடு பண்ணும், சதை கொஞ்சம் இறுகும்னு எதிர்பார்க்கிறோம். சிலருக்கு நல்லா இருக்கு, சிலருக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. நிலைச்சு நிக்குமான்னு யாரும் இன்னும் அடிச்சுச் சொல்லல. அதனால முதல்ல பயிற்சிதான் பண்ணணும்."

"பயிற்சியா?"

"ஆமா. யூரினை அடக்கற மாதிரி உள்ளே இறுக்கி, பிடிச்சு, விடணும். தினமும். அப்புறம் இன்னொண்ணு. இருமல் வரப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே, இருமறதுக்கு முன்னாடி உள்ளே இறுக்கிப் பிடிச்சிடுங்க. அதுக்கப்புறம் இருமுங்க. சின்ன விஷயம்தான், ஆனா பலன் இருக்கும்."

விசில் டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவளிடம் வந்து பயிற்சி பண்ணு என்றால்? உடற்பயிற்சி என்பது மற்றவர்கள் பண்ணுவதற்காகத் தான் சொல்லிக் கொடுக்கிற விஷயம் என்பது அவள் கொள்கை. பயிற்சி பண்ணச் சொன்னால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் தலையாட்டினாள்.

"சரி டாக்டர். லேசரும் வச்சிடுங்க."

லேசர் வைக்கிற அறையில் கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். வேலை நடக்கிற இடத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருக்கிறது, இருந்தாலும் பாதுகாப்பாம். கண்ணாடிக் கடைக்காரர் பெண்டாட்டி ஆயிற்றே, ஃபிரேம் மட்டமான சரக்கு என்பதை அந்த நிலையிலும் கவனித்தாள். பெரிய வலி எதுவும் இல்லை. உள்ளே ஒரு குழாயை வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார்கள், அவ்வளவுதான். இவ்வளவு லேசான காரியமா என்று எழுந்து, நிமிர்ந்து, படியிறங்கி வந்தாள்.

எதிர்த் தெருவோரத்தில் பையும் கையுமாக நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணீ! லேசரா?"

அந்தக் குரலுக்கு இரண்டு ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசில் டீச்சர் தயார் பண்ணி வைத்திருந்த பொய்யை எடுத்து நீட்டினாள். "இந்தக் கன்னத்துல கறுப்பா மங்கு விழுந்திருக்குல்ல? அதுக்குத்தான்."

அன்றையிலிருந்து ஊர் அவள் கன்னத்தில் குடியேறியது.

கணவர் கடையில் பகலெல்லாம் மற்றவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற மனிதர். மூக்கின் வளைவு, காதின் உயரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்டாட்டி இரண்டு வருஷமாகக் கறுப்பு பேண்ட்டே போடுகிறாள், சினிமாவுக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. இப்போது லேசர் என்று கேள்விப்பட்டதும் கடையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்துவிட்டார்.

"வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. ம்ம். குறைஞ்சிருக்கு. நிச்சயமா குறைஞ்சிருக்கு."

"ஒண்ணும் குறையல, விடுங்க."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தொழிலே இதுதான்."

ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. முகம் பளிச்சென்று இருக்கிறது, எந்த கிளினிக், வலிக்குமா? வேடிக்கை என்னவென்றால் மங்கு உண்மையிலேயே குறைந்திருந்தது. கழிப்பறையை விட்டுத் தள்ளிப் போகப் பயந்து மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள் அல்லவா, வெயில் படாமல் அதுபாட்டுக்கு மங்கி வந்தது. லேசர் தொட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, தொடாத இடம் ஜொலித்தது.

கீழே நிலவரம் கலவையாக இருந்தது. இருமலுக்குப் பரவாயில்லை. தும்மலுக்குச் சில நாள் பரவாயில்லை, சில நாள் மோசம். விசிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும், எங்கே வைத்துச் சோதிப்பது? குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு ஊதிப் பார்த்தாள். நனைந்தது. இன்னொரு முறை ஊதினாள். மறுபடியும் நனைந்தது. மூன்றாவது முறை ஊதும்போது வெளியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"ஏய், குக்கர் மூணு விசில் ஆச்சு! அடுப்ப அணைக்கட்டுமா?"

அவள் குழாயை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். டாக்டர் சொன்ன பயிற்சி அப்போதும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

நாத்தனார் நிலைப்படியில் சாய்ந்தபடி சொன்னாள். "நானும் போகலாம்னு இருக்கேன் அண்ணி. எனக்கும் மங்கு இருக்கு."

"உனக்கு எங்க இருக்கு? முகம் கண்ணாடி மாதிரி இருக்கு."

"வெயில்ல பாத்தா தெரியும்."

"அதெல்லாம் வேண்டாம். எரியும், தோல் உரியும். எனக்கே ஏன்டா போனோம்னு இருக்கு."

நாத்தனார் ஒரு மாதிரி பார்த்தாள். நான் அழகாகிவிடுவேன் என்று அண்ணிக்குப் பொறாமை என்று அவள் மாடிப்படி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டது முதுகிலேயே தெரிந்தது.

விளையாட்டு விழா அன்று காலையிலிருந்து விசில் டீச்சர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மைதானம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு, கொடி, பெற்றோர் கூட்டம். மேடையில் தலைமையாசிரியை, பக்கத்தில் அந்தச் சின்னப் பொண்ணு வேறு, புது ஷூ போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஓட்டப் பந்தயம். பிள்ளைகள் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். விசிலைக் கையில் எடுத்தாள். ஊதினால் நனையும். ஊதாவிட்டால் நூலகம்.

அப்போது பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. விட்டாள். மறுபடியும் அடித்தது. வீட்டில் யாருக்காவது ஏதாவதோ என்று எடுத்தாள்.

"அண்ணி, நான் கிளினிக்ல இருக்கேன்."

"இப்பவா? நான் மைதானத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

"இருங்க, இருங்க. எங்க அண்ணிக்குப் பண்ணின அதே லேசர்னு கேட்டேன். பி.டி. டீச்சர்னு உங்க அடையாளம் சொன்னேன், உடனே உள்ளே அனுப்பிட்டாங்க. எவ்வளவு நாளா இருக்குன்னு கேட்டாங்க, பையன் பொறந்ததுல இருந்துன்னேன். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துது. இப்ப பேண்ட்டைக் கழட்டிட்டுப் படுங்கன்னு சொல்றாங்க."

விசில் டீச்சருக்கு மைதானம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"முகத்துக்கு எதுக்கு அண்ணி பேண்ட்? ஒருவேளை கால்லேர்ந்து ஆரம்பிச்சு மேல வருவாங்களோ?"

பொய் ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆள் மாற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள், எழுந்து வெளியே வா என்றால் முடிந்தது கதை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது நாத்தனாரின் குரல் திடீரென்று தணிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் தணிந்து அவள் கேட்டதே இல்லை.

"இருமிக் காட்டச் சொல்றாங்க அண்ணி. துணி மாத்திட்டு வரேன்னு திரைக்குப் பின்னால வந்து நிக்கிறேன். நான் இரும மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன். யார் முன்னாடியும் இரும மாட்டேன். எப்படியாவது என்னை இங்கேர்ந்து கிளப்புங்க."

விசில் டீச்சர் அந்தக் குரலைக் கேட்டபடி நின்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் புது சோபா வந்து நின்றது. நிலைப்படியில் கால் மாற்றிக் கால் மாற்றிச் சாய்ந்து நிற்கிற நாத்தனார் வந்து நின்றாள். பரவால்ல அண்ணி, நிக்கிறேன். ஒளித்து வைப்பதில் கை தேர்ந்தவள் என்று தன்னை நினைத்திருந்தவளுக்கு, எதிரிலேயே ஒருத்தி ஒளித்து வைத்துக்கொண்டு நின்றது தெரியவில்லை. திமிர் என்று அல்லவா நினைத்தாள்? தன்னைப் பற்றி ஆசிரியர் அறையில் என்ன சொன்னார்களோ அதையே இவள் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"இங்க பாரு. அது முகத்துக்கு இல்ல. மங்குன்னு நான் சொன்னது பொய். விசில் ஊதினா எனக்குக் கீழ நனைஞ்சிடும். அதுக்குத்தான் போனேன்."

போனில் சத்தமே இல்லை. துண்டித்துவிட்டாளோ என்று பார்த்தாள். இல்லை.

"உங்களுக்குமா அண்ணி?"

"எனக்கும்தான். சோபாவுல உக்காராதது இதனாலயா?"

"புது சோபா. நீங்க எவ்வளவு ஆசையா வாங்கினது. கறை பட்டா என்ன நினைப்பீங்க?"

விசில் டீச்சருக்குத் தொண்டை அடைத்தது. தலைமையாசிரியையிடம் சொன்ன பொய் அந்த நிமிஷம் உண்மையாகிவிட்டது.

மேடையிலிருந்து மைக்கில் குரல் வந்தது. "டீச்சர், ஆரம்பிக்கலாமா? பிள்ளைங்க நிக்கிறாங்க."

"டாக்டரம்மா கூப்பிடறாங்க அண்ணி," என்றது போன்.

"போய்ப் படு. போனை அணைக்காத. ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வை. நான் சொல்றத அப்படியே செய். ஸ்டெடின்னு சொல்லுவேன், அப்ப ஒண்ணுக்கு வர்றத அடக்கற மாதிரி உள்ளே இறுக்கிப் பிடி. விசில் கேக்கும். அப்புறம் இருமு. பிடிய மட்டும் விட்டுடாத."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, இது டாக்டர் தனக்குச் சொன்னது. தலையாட்டிவிட்டு மறந்து போனது. ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிற பிள்ளைக்குக்கூட 'ஸ்டெடி' சொல்லி உடம்பை இறுக்க வைத்த பிறகுதான் விசில் ஊதுகிறோம். இத்தனை வருஷமாகத் தன் உடம்புக்கு மட்டும் ஒரு தடவைகூட ஸ்டெடி சொல்லாமல் எடுத்த எடுப்பில் ஊதியிருக்கிறாள்.

தன் போனையும் ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் போட்டாள். மைதானத்தின் நடுவே, வெயிலில், போய் நின்றாள்.

"ரெடி!"

பிள்ளைகள் குனிந்தார்கள்.

"ஸ்டெடி!"

கோட்டில் நின்ற பிள்ளைகள் இறுகினார்கள். ஊரின் இன்னொரு பக்கத்தில், கிளினிக் கட்டிலில், ஒருத்தி இறுகினாள். விசில் டீச்சரும் இறுகினாள். பிறகு ஊதினாள்.

தெரு முனை வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பாய்ந்த பிள்ளைகள் எழுப்பின புழுதியில் மேடையே தெரியவில்லை. கூட்டத்தில் ஓடித் திரிந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் பழைய பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது, நல்ல கணீரென்ற இருமல்.

அவள் முழுக்க வறண்டிருந்தாள் என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வதாகும். ஒரு சொட்டு வந்திருக்கலாம். அவள் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த பந்தயத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

விழா முடிந்து தலைமையாசிரியை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தொண்டை சரியாயிடுச்சே டீச்சர்! வெந்நீர் குடிச்சீங்களா?"

"குடிச்சேன் மேடம்."

"நான் சொன்னேன்ல? நூலகத்துக்கு இனி வேற ஆளத்தான் பாக்கணும். முகமும் நல்லா இருக்கு உங்களுக்கு, எந்த கிளினிக்?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வழக்கம் போல நிலைப்படியில் நின்றிருந்தாள். விசில் டீச்சர் ஷூவைக் கழற்றினாள். உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்து வந்து, நாலாக மடித்து, சோபாவில் போட்டாள். பக்கத்திலேயே இன்னொரு துண்டை மடித்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்தாள். நாத்தனார் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள், முதலில் நுனியில், அப்புறம் நன்றாகச் சாய்ந்து.

"மெத்துனு இருக்கு அண்ணி."

"இருக்காதா பின்ன. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இருமினேன். லேசாத்தான் வந்துது. எனக்கு இப்போதைக்கு லேசர் வேண்டாம், பயிற்சி போதும்னுட்டாங்க. இவ்வளவு சரியா இறுக்க யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்க அண்ணி, பி.டி. டீச்சர், அவங்க தினமும் பண்றாங்கன்னு சொன்னேன்."

விசில் டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நாளையிலேர்ந்து காலைல மாடிக்கு வரேன். சேர்ந்தே பண்ணுவோம்."

"இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி."

"சொல்லு," என்றாள் விசில் டீச்சர். "உன் வாய் இதுக்காவது உதவட்டும். எத்தனை பேர் நின்னுக்கிட்டே இருக்காங்களோ."

கணவர் கடை பூட்டி வந்தார். தங்கை சோபாவில் உட்கார்ந்திருக்கிற அதிசயம் அவர் கண்ணில் படவில்லை. மடித்துப் போட்ட துண்டும் படவில்லை. தங்கையும் லேசருக்குப் போனாள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். விளக்கைப் போட்டார். தங்கையின் கன்னத்தருகே குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பெண்டாட்டியின் கன்னத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒரே நாள்ல என்ன ஒரு மாற்றம்! லேசர்னா லேசர்தான்."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். இருவருக்கும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. விசில் டீச்சர் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"ஸ்டெடி!"

இருவரும் இறுக்கிப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள்.